நீளக் கழுத்து, குட்டை மூடி

பின் சீற்றில் வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டி, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பிள்ளைகளின் காரில் இப்போது மறுபடியும் பின்னால் ஏற்றப்படுகிற உங்களுக்காக. எங்கள் பெற்றோர் சிட்னிக்கு வந்து சேர்ந்த புதிதில் நாம் எல்லோரும் எவருடைய காரிலாவது அடைந்து கிடந்தவர்கள்தான். கலியாண வீடு, செத்த வீடு, "சும்மா ஒருக்கால் எட்டிப் பாத்திட்டு வருவம்" என்று போய் நாலு மணித்தியாலம் இருந்துவிட்டு வரும் வீடு. ஆனால் உங்கள் கார்களுக்கு நாலு கதவு இருந்தது. எங்களுடையதற்கு இரண்டே இரண்டு.

அதன் அருமை பெருமையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. முன்னால் இருப்பவர் இறங்கி, சீற்றை மடித்து வழிவிட்டால்தான் பின்னால் இருப்பவர் வெளியே வரலாம். மறந்துபோய் அவர் கதைத்துக்கொண்டு நின்றால் நீங்கள் உள்ளேதான். பின்பக்கக் கண்ணாடிகள் இறங்காது. சீற் உறை சூட்டில் இளகித் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். எழும்பும்போது தோல் உரிவது போல ஒரு சத்தம் வரும். பழைய ரப்பர், பெற்றோல், அம்மாவின் கைப்பையிலிருந்து வரும் கராம்பு எண்ணெய் எல்லாம் சேர்ந்த ஒரு வாசம் அதற்குள் இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. அந்த வாசத்தில் வாரத்துக்கு இரண்டு தரம் வாந்தி எடுப்பேன்.

அது முதுகு வளைந்த குட்டி இங்கிலிஷ் கார். நான் பிறக்க இருபது வருடத்துக்கு முன்னரே ஓடத் தொடங்கியது. ஊரில் அப்பாவிடம் அச்சொட்டாக அதே கார் ஒன்று இருந்து, விட்டுவிட்டு வந்தாராம். இங்கே ஒரு வீட்டு முற்றத்தில் விற்பனைக்கு நின்றதைக் கண்டதும் தொலைந்துபோன சொந்தக்காரரைக் கண்டது போல ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துவிட்டார். அம்மா மட்டும் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் சொத்தை" என்றார்.

அம்மா அப்படித்தான் பேசுவார். அவர் ஊரில் பல் டொக்டர். இங்கே பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். டொக்டராக மறுபடி வேலை செய்வதற்கு இங்கே ஒரு செய்முறைச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். இரண்டு தரம் தவறிவிட்டது. அந்தக் கோடையின் கடைசியில் மூன்றாவது தரம் வந்தது. "இதோட பாப்பன். சரிவராட்டில் இனி இந்தக் கதையே வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டார். அம்மா சும்மா சொல்கிறவர் அல்ல என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேர் என்றால் அம்மாவையும் சேர்த்துத்தான்.

ஆகவே அந்தக் கோடை முழுக்க எங்கள் நார்த்மீட் வீட்டில் இரண்டு தொழிற்சாலைகள் நடந்தன. குசினி மேசையில் அம்மா சிவப்பு மெழுகில் பல் செதுக்கிப் பழகுவார். வெளியே அப்பா காரின் வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு றேடியேற்றரோடு மல்லுக்கட்டுவார். அம்மாவுக்குச் சரிவராத பற்களை எனக்குத் தருவார். அவற்றை ஒரு பென்சில் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். பதினொரு கடைவாய்ப்பல்லும் ஒரு வேட்டைப்பல்லும். பள்ளிக்கூடத்தில் எவரிடமும் இல்லாத சொத்து.

காரின் சொந்த றேடியேற்றர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அப்பா அந்தக் காரின் முதல் முதல் வந்த மொடலிலிருந்து ஒரு றேடியேற்றரைத் தேடிப் பிடித்தார். ரப்பர்க் குழாய்கள் பத்து வருடம் பிந்தி வந்த மொடலுடையவை. காற்றாடி இவை இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு காலத்தது. "ஒரே பேர், ஒரே கார். பொருந்தாமல் எங்கை போகும்?" என்பார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை அவர் கிளிப்பு வைத்து இறுக்கினார். ஊரில் அவர் நீர்ப்பாசன இஞ்சினியர். இங்கே ஒரு களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றி இறக்கினார். அம்மா ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "குளத்துத் தண்ணியை ஆயிரம் வயலுக்குப் பாய்ச்சினவன் நான். ஒரு வாளித் தண்ணி என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாதோ? நீர் போய்ப் படியும்" என்பார்.

அந்த ஒரு வாளித் தண்ணீர் அவரைப் படாத பாடு படுத்தியது. எஞ்சின் சூடேறினால் ஒரு வழி உண்டு, உங்களில் பழைய கார் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஹீற்றரைப் போட்டுவிட வேண்டும். எஞ்சினின் சூட்டை அது இழுத்து உள்ளே அனுப்பிவிடும். உள்ளே என்றால் எங்கள் மேல். மேற்குச் சிட்னியின் கோடையில், தார் உருகும் மத்தியானத்தில், ஹீற்றர் முழு வேகத்தில் ஊத, இறங்காத கண்ணாடிக்குப் பக்கத்தில் நான் வெந்துகொண்டிருப்பேன். "இன்னும் கொஞ்சத் தூரம்தான் பிள்ளை" என்று அப்பா பின்பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொல்வார். அவருடைய கொஞ்சத் தூரத்துக்கு முடிவே இல்லை.

அப்படி ஒரு நாள்தான் பென்சில் பெட்டியைச் சீற்றுக்குப் பின்னால் இருந்த தட்டில் வைத்துவிட்டு மறந்துபோனேன். வீட்டுக்கு வந்து திறந்தால் பற்களைக் காணோம். பென்சில்களுக்கு நடுவில் சிவப்பாக ஒரு கட்டி. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அம்மா இன்னும் செய்து தாறன்" என்று அம்மா சொன்னதும் காதில் ஏறவில்லை. அந்தக் காரை நான் வெறுத்தேன். ஒரு உயிரை வெறுப்பது போல வெறுத்தேன்.

அடுத்த கிழமை கார் பரமட்டாவில் விளக்குச் சந்தியில் மறுபடி நின்றது. தள்ளிக்கொண்டு போன அப்பா, வேர்த்து வழிய, முதல் தடவையாக அதைச் சொன்னார். "இன்னொருக்கால் நிண்டால் வித்துப்போட்டு நாலு கதவுக் கார் வாங்குறன். இது சத்தியம்." அம்மா நம்பவில்லை. நான் நம்பினேன். இன்னும் ஒரே ஒரு தரம்தான் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

இனிக் குறையாக இருந்தது ஒரு மூடிதான். றேடியேற்றரின் கழுத்தில் போடும் மூடி. பழையது துருப்பிடித்திருந்ததால் ஒரு சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பழைய கார் உடைக்கும் யாட்டுக்குப் போனார். கழற்றிய கதவுகள் ஒரு பக்கம், சில்லுகள் ஒரு பக்கம் என்று மலையாகக் கிடந்தன. நிழலே இல்லை. யாட்காரர் இத்தாலியிலிருந்து வந்த ஒரு கிழவர். வாயில் ஒரு பல் கிடையாது. அம்மா வந்திருந்தால் வணக்கம் சொல்வதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்லியிருப்பார். நல்ல ஆங்கிலம் படித்த அப்பாவுக்கு அந்த வாயிலிருந்து வந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திருப்பிக் கேட்க வெட்கம். எனக்கு விளங்கியது. பள்ளிக்கூட முற்றத்தில் எல்லா விதமான வாயோடும் பழகிய காது என்னுடையது.

கிழவர் ஒரு மூடியைக் கொண்டுவந்தார். காரின் பொனற்றைத் திறந்து, றேடியேற்றரின் கழுத்துக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். பிறகு மூடியைத் திருப்பி அதன் அடியைக் காட்டினார். அப்பாவைப் பார்த்துத் தொடங்கி, பயனில்லை என்று கண்டு, என் பக்கம் குனிந்தார். அவர் சொன்னது இதுதான். உங்களுடையது ஆரம்பகால றேடியேற்றர், கழுத்து நீளம். இது பிந்திய காலத்து மூடி, குட்டை. மேலே பூட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே அடிவரை தொடாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துக் குழாயால் போய்விடும். கடைக்குப் போய்வரலாம், தூரம் போகாதீர்கள். நீளமான மூடி வியாழக்கிழமை வரும். அப்பாவிடம் சொல்லு.

"என்னவாம் சொல்லுறார்?" என்று அப்பா கேட்டார்.

இந்த இடத்தில் உங்களைக் கேட்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டுக்கு மொழிபெயர்த்தவர்கள்தானே? ஆசிரியை முறைப்பாடு சொன்னால் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்வோம். டொக்டர் பயப்படுத்தினால் பயத்தை எடுத்துவிட்டுச் சொல்வோம். எங்கள் வாயில் ஏறி இறங்கும்போது எல்லாச் செய்தியும் கொஞ்சம் மெலிந்துதான் வீட்டுக்குப் போகும். அது பொய் என்று எவரும் நினைத்ததில்லை. ஆனால் அன்றைக்கு நான் செய்தது அது அல்ல. அன்றைக்கு எனக்கு நாலு கதவுக் கார் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"சரியாம் அப்பா. இது பொருந்துமாம்."

அப்பா மூடியை வைத்துத் திருகினார். அது கிளிக் என்று பூட்டிக்கொண்டது. "பாத்தியே, அளவெடுத்துச் செய்த மாதிரி" என்று என் தலையைத் தடவினார். கிழவரும் நான் சொல்லிவிட்டேன் என்று நம்பித் தலையாட்டினார். இரண்டு பெரியவர்கள் என்னை நடுவில் வைத்துக் கைகொடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கடை, கோயில், தொழிற்சாலை என்று கிட்டடிப் பயணங்கள்தான். காலையில் காருக்கு அடியில் சின்னதாக ஒரு ஈரம் இருக்கும். அப்பா குழாய்களைச் சந்தேகப்பட்டுக் கிளிப்புகளை இறுக்குவார். நான் ஈரத்தைக் காலால் தேய்த்துவிடுவேன். சோதனை நாள் ஒன்று வரப்போகிறது என்பது எனக்குத் தெரியும். கார் நிற்கப்போகிறது என்பதும் தெரியும். இரண்டும் ஒரே நாளில் வரலாம் என்பது மட்டும் அந்த மண்டைக்குள் ஏறவே இல்லை.

சோதனை ஒரு சனிக்கிழமை காலை, நகரத்துக்கு அந்தப் பக்கத்தில். தண்டவாள வேலை என்று அன்றைக்கு ரயில் இல்லை; மாற்று பஸ்ஸை நம்ப முடியாது. "நான் கொண்டுபோய் விடுறன். காரிருக்க உமக்கென்ன கவலை?" என்று அப்பா சொன்னார். என்னை வீட்டில் விட ஆளில்லாததால் நானும் பின்னால் ஏறினேன். அம்மா முன் சீற்றில், கருவிப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையை அதற்கு முதல் நாள் மூன்று தரம் ஸ்திரி போட்டிருந்தார். எட்டு மணிக்கே வெயில் சுட்டது.

பரமட்டா றோட்டில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் வாகனங்கள் நகரவில்லை. சூடு காட்டும் முள் ஏறுவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அப்பா ஹீற்றரைப் போட்டார். அம்மா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். பிறகு பொனற்றின் விளிம்பால் வெள்ளையாக ஆவி வரத் தொடங்கியது. கார் ஓரத்துக்கு உருண்டு நின்றது.

"பத்து நிமிசம். ஆறட்டும்" என்றார் அப்பா.

பத்து நிமிடத்தில் அது ஆறவில்லை. அப்பாவுக்குப் பொறுமையும் இல்லை. சீலைத் துண்டைச் சுற்றி மூடியைத் திருகினார். கொதித்த தண்ணீர் பொங்கி அவருடைய கையில் விழுந்தது. அப்பா கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மா பாய்ந்து இறங்கி, குடிக்கக் கொண்டுவந்த போத்தல் தண்ணீர் முழுவதையும் அந்தக் கையில் ஊற்றினார். கருவிப் பெட்டியைத் திறந்து, சோதனைக்காகப் பொதி செய்து வைத்திருந்த பஞ்சை எடுத்துச் சுற்றினார். நானும் இறங்கப் பார்த்தேன். "இறங்காதை பிள்ளை, றோட்டு!" என்று அம்மா கதவைச் சாத்திவிட்டார்.

ஆகவே நான் உள்ளே இருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் அப்பா அந்த மூடியை மற்றக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அது குட்டை அப்பா, நீளமானது வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு வசனம் போதும். சொன்னால் கார் ஓடப்போவதில்லை, ஆனாலும் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. சீற் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா டாக்சி ஒன்றை மறிக்க றோட்டோரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வந்த இரண்டும் ஆட்களோடு போயின. பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றி, அப்பா ஒற்றைக் கையால் ஓட்டி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திவிட்டது.

அம்மா பெட்டியோடு உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். முகத்தில் எவரிடமோ மரியாதையாகச் சிரித்துவிட்டு வந்த சிரிப்பு இன்னும் கழன்றுவிடாமல் இருந்தது. முன் கதவைத் திறந்தார். சீற்றை மடித்தார். பின்னால் வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"முன்னுக்கு வாருமன்" என்றார் அப்பா.

"நீங்கள் ஓடுங்கோ."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மா அப்பாவின் காரில் ஒருநாளும் முன்னால் ஏறவில்லை. அப்பா சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒரு மாதத்துக்குள் நாலு கதவுக் கார் வந்தது. பின்கதவுக் கண்ணாடியை நானே இறக்கலாம். நான் ஒருநாளும் இறக்கவில்லை. நானும் அம்மாவும் பின்னால் இருக்க, அப்பா தனியே முன்னால் இருந்து ஓட்டுவார். நான் வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிறகும் அம்மா பின்னால்தான். கலியாண வீடுகளில் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். "டொக்டரம்மா டிரைவரோட வந்திறங்கிறா" என்பார்கள். "ஓம், சம்பளமில்லாத டிரைவர்" என்று அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அம்மா சொன்னபடி சோதனையை விட்டுவிட்டார். முப்பது வருடம் வேறு டொக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தார். கடைசிக் காலத்து டொக்டர்கள் என்னைவிட இளையவர்கள். வீட்டில் ஏதாவது பிழைத்தால், குழாய் ஒழுகினால், "உங்கட அப்பா எந்த வேலையை முழுசாச் செய்தவர்?" என்பார். அப்பா பதில் சொல்லமாட்டார். வெந்த கையின் தோல் கடைசிவரை மினுங்கிக்கொண்டிருந்தது.

அப்பா போன குளிர்காலத்தில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, காராஜைத் துப்புரவாக்கப் போனேன். ஒரு பழைய ரொபி இனிப்பு டின்னுக்குள் அந்தக் குட்டை மூடி இருந்தது. அதோடு சேர்த்துக் கம்பியால் கட்டி இன்னொரு மூடி. அது நீளமானது. ஒருநாளும் பாவிக்காதது. கம்பியில் ஒரு மட்டைத் துண்டு தொங்கியது. அதில் பென்சிலால் கோணல்மாணலான ஆங்கில எழுத்து. "நீளமானது. உன் மகளிடம் அன்றைக்கே சொன்னேனே."

அப்பா அந்த யாட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். கிழவரின் வாய் விளங்காததால் எழுதிக் கேட்டிருக்கிறார். எழுத்தில் எல்லாம் தெளிவாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு கண்ணாடியில் அம்மாவின் முகத்தையும், நான் வீட்டில் இருந்தவரை பக்கத்தில் என் முகத்தையும் பார்த்துக்கொண்டே நாற்பது வருடம் ஓட்டியிருக்கிறார். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று இப்போது நினைவுக்கு வந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு அவர் ஒருநாளும் என்னிடம் "என்னவாம் சொல்லுறார்?" என்று கேட்டதில்லை. அவருடைய ஆங்கிலக் காது தேறிவிட்டது என்று நான் பெருமைப்பட்டிருந்தேன். காராஜின் தரையில் இருந்து, இந்த வயதில், வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். இரண்டு நாள் டின்னைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் அம்மா குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மூடிகளைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். தொடக்கத்திலிருந்து சொன்னேன். கிழவர், சுண்டுவிரல், வியாழக்கிழமை, நாலு கதவுக் கார் எல்லாவற்றையும். இந்தத் தடவை ஒன்றையும் மெலியவிடவில்லை.

அம்மா கையைத் துடைத்துவிட்டு இரண்டு மூடியையும் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெருவிரல் நகத்தால் ஒன்றின் ஆழத்தை அளந்து, மற்றதில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டு மட்டையை வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"உனக்கு அப்ப எத்தினை வயசு?"

"பத்து."

"சொன்னால் நான் உன்னை அடிப்பன் எண்டு நினைச்சிருக்குது அந்த மனுசன்." மட்டையை மூடிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "அடிச்சுத்தான் இருப்பன். விட்டிருக்கவும் மாட்டன், இண்டைவரைக்கும்."

அம்மா எழும்பி வெளியே போனார். வெங்காயத்தோடு நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பின்னால் போனேன். அப்பாவின் கடைசிக் கார் இன்னும் வாசலில் நிற்கிறது. விற்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அம்மா அதன் பின் கதவுக்குக் கிட்டப் போய், பழக்கத்தில் கைபிடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு முன் கதவைத் திறந்தார். அந்தச் சீற் எவரும் இருக்காத புதுச் சீற் போல இருந்தது. முழங்காலைப் பிடித்து மெல்ல மெல்ல உள்ளே ஏறினார்.

எனக்கு வேறு இடம் தெரியவில்லை. பின்னால் ஏறி என் பழைய பக்கத்தில் இருந்தேன். இறங்குவதற்குக் கைபிடி பக்கத்திலேயே இருந்தது. கை போகவில்லை.

அம்மா பெல்ட்டைத் தேடி இழுத்துப் போட்டார். கைகளை மடியில் வைத்து, வலப்பக்கம் திரும்பி, ஆளில்லாத சீற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, எடுங்கோ" என்றார்.